பல் பதிந்த பைப்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு அந்த வீட்டில் இரண்டு ஆண்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஒரே ஜாம் பாட்டிலுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பேசாமல் எப்படிச் சண்டை போட முடியும் என்று கேட்காதீர்கள். அதற்குத்தான் நடுவில் மருமகளை உட்காரவைத்திருந்தார்களே!

“அம்மாடி, உன் வீட்டுக்காரர் முடிச்சிட்டாருன்னா பாட்டிலை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு” என்றார் மாமனார்.

“டாக்டர் இனிப்பைக் குறைக்கச் சொன்னதை அப்பாவுக்கு ஞாபகப்படுத்து” என்றான் கணவன். “டாக்டர் சொன்ன எதைத்தான் அவர் கேட்டிருக்கார்?”

அந்த ‘எதைத்தான்’ மாமனாருக்குச் சுருக்கென்று தைத்தது. வெறும் ரொட்டியை மென்று விழுங்கிவிட்டு எழுந்து போனார்.

ஆறு நாளாக இதே கூத்துதான். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முன்னறை ஜன்னலோரப் பூந்தொட்டியில் எரிந்த தீக்குச்சி ஒன்று கிடந்தது. கண்டெடுத்தது மகன். அவனுக்குப் பிழைப்பே நெருப்பைத் தேடுவதுதான். தீயணைப்புத் துறையில் பாதுகாப்பு அதிகாரி. கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, புகை வந்தால் அலறும் கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பான். சொந்த வீட்டில் குளியலறையைக்கூட விட்டுவைக்காமல் அலாரம் மாட்டியிருந்தான். அதனால் வீட்டில் அவன் பெயரே ‘அலாரம்’.

குச்சியைக் கண்டவன் சும்மா இருப்பானா? நேரே அப்பாவின் கண்ணாடி அலமாரியைத் திறந்து, அவர் சேர்த்துவைத்திருந்த புகைக்கும் பைப்புகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தான். இருபத்துமூன்றாம் நம்பரில் கருகல் வாடை. அண்ணாந்து பார்த்தால் முன்னறை அலாரத்தில் பாட்டரியைக் காணோம். ஆக, குச்சி, வாடை, பாட்டரி என்று மூன்று சாட்சி. குற்றவாளி யார் என்று அவன் அரை நிமிஷத்தில் தீர்மானித்துவிட்டான்.

பைப்புகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மொத்தம் முப்பத்தெட்டு. எல்லாம் பிரையர் என்கிற புதரின் வேர்முண்டில் கடைந்த பழைய புகைக்குழாய்கள். சில மாமனாரைவிட வயதில் மூத்தவை. மாமனார் ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் கால அட்டவணை போட்டவர். நண்பர்களுக்கு அவர் ‘டயம்டேபிள்’. வாரம் ஒரு தட்டு என்று சனிக்கிழமைதோறும் எடுத்து, துடைத்து, மெருகேற்றி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதிவைப்பார். வந்த தேதி, மரத்தின் கோடுகள், செய்தவர் முத்திரை, வாய்க்குழலில் பல் பதிவு உண்டா இல்லையா, எல்லாம் அதில் இருக்கும்.

ஆனால் புகைப்பது கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தபோது மகன் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். “இனிமே ஒரு இழுப்புக்கூடக் கிடையாது. பார்த்துக்கிட்டே இருப்பேன், அவ்வளவுதான்.” வீட்டுக்குள் புகையிலைத் துணுக்குகூட வரக் கூடாது என்று மாமியார் அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள்.

இப்போது மகன் சொல்கிறான், சத்தியம் காற்றில் பறந்துவிட்டது என்று. அப்பாவோ, புகைக்கவும் இல்லை, பாட்டரியைத் தொடவும் இல்லை என்கிறார். “அப்ப எல்லாத்தையும் வீட்டை விட்டு அனுப்பிடுவோம்” என்றான் மகன். “அனுப்பிக்கோ” என்று வீம்புக்குச் சொல்லிவிட்டார் அப்பா. அவருடைய பழைய சிநேகிதர், அவரைப் போலவே பைப் பைத்தியம், கப்பலில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்று மாலை ஐந்து மணிக்கு முப்பத்தெட்டையும் எடுத்துப்போக வருவதாக ஏற்பாடு.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாமியார் வாயே திறக்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் பேசியே சம்பளம் வாங்கிய பெண்மணி! அந்தப் பைப்புகளை நாற்பது வருஷமாகக் கரித்துக்கொட்டியவள்! ஆறு நாளாகத் தையல் மெஷினும் தானுமாகக் கிடந்தாள். இருமல் என்று தொண்டையைப் பிடித்துக்கொண்டு மருந்து குடித்தாள். அவ்வளவுதான்.

மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மாமனார் பூனை மாதிரிப் பின்னால் வந்து நின்றார். கையில் துணியில் சுற்றிய பொட்டலம்.

“அம்மாடி, நீ தினம் பல்லோட மல்லுக்கட்டுறவ. இதைக் கொஞ்சம் பாரு.”

பிரித்தாள். இருபத்துமூன்றாம் நம்பர். கையில் அடங்கும் சின்னப் பைப். கருகருவென்ற ரப்பர் வாய்க்குழலின் முனையில், மேலும் கீழுமாகப் பல் அழுந்திய பள்ளங்கள்.

“அவன் மோந்து பார்த்தான். இதைப் பார்க்கல” என்றார். “இந்தத் தட்டைப் போன சனிக்கிழமைதான் துடைச்சேன். அட்டையில என் கையால எழுதியிருக்கேன், பல் பதிவு இல்லைன்னு. மறுநாள் இப்படி இருக்கு. இது என் பல்லா? அதை மட்டும் பார்த்துச் சொல்லு.”

“மாமா, முன்னாடியே குடுத்திருக்கலாமே?”

“குடுத்திருக்கலாம். என் பேச்சையே நம்பாதவன்கிட்ட பல்லைக் காட்டி நிரூபிக்கணுமான்னு ரோஷம்.” அவர் குரல் தழுதழுத்தது. “பைப் போனா போகட்டும்மா. மரக்கட்டைதானே. நான் பொய் சொன்னேன்னு ஆயிடக் கூடாது. அதுவும் அவன் கையில அடிச்சுக் குடுத்த சத்தியம்.”

மருமகள் பொட்டலத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

●

மருமகள் வேலை பார்ப்பது பல் லேபில். ஊரில் உள்ள பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பல் செட், பிரிட்ஜ், கேப் எல்லாம் செய்வாள். முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்வதில் அவள் கொஞ்சம் சுமார். பல்லைப் பார்த்தால் போதும், பத்து வருஷம் கழித்தும் சொல்லிவிடுவாள். ஒரு தடவை கல்யாண வீட்டில் ஒருவர் சிரித்ததும், “சார், கீழ்ப்பல் செட் இப்ப ஆடாம இருக்கா?” என்று கேட்டு மானத்தை வாங்கியவள்.

பன்னிரண்டு மணிக்குள் ஒரு பல் செட் முடித்தாக வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை முடித்தாள். லேபில் மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பைப்பை எடுத்தாள்.

முதலில், பிசைந்த மாவு போலிருக்கும் சிலிக்கானை வாய்க்குழலின் மேலும் கீழும் அமுக்கி அச்செடுத்தாள். ஐந்து நிமிஷத்தில் இறுகியது. பிரித்தால், பள்ளங்களெல்லாம் மேடாகி, யாரோ ஒருவருடைய முன்பற்கள் வரிசையாக எழுந்து நின்றன.

பிறகு மேல் அலமாரியில் இருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினாள். அதில் ‘வீடு’ என்று எழுதியிருந்தது. வீட்டில் யாருக்குப் பல்லில் என்ன செய்தாலும் பிளாஸ்டர் அச்சைத் தூக்கிப் போடாமல் சேர்த்துவைப்பது அவள் வழக்கம். மாமனார் பைப் சேர்க்கிறார், இவள் பல் சேர்க்கிறாள். அந்த வீட்டில் யாரையும் யாரும் குறை சொல்ல முடியாது.

முதலில் மாமனார். மேலே முன்பற்கள் நான்கும் அவள் கையால் செய்து கொடுத்தவை. மட்டம் பார்த்து வரிசையாக வைத்தவை. இந்த அச்சிலோ பல் கொஞ்சம் சாய்ந்து இருந்தது. அதோடு அவர் அந்தச் செட் உடைந்துவிடும் என்று பயந்து ரொட்டியைக்கூடக் கடிக்காமல் பிய்த்துத் தின்கிறவர். இவ்வளவு அழுத்திக் கடிக்க அவருக்குத் தைரியம் வராது.

“அப்பாடா!” என்று வாய்விட்டே சொன்னாள்.

ஆனால் இந்த அச்சில் வேறு ஒன்று இருந்தது. மேல் முன்பல்லின் விளிம்பில், கடுகளவுக்கு ஒரு வெட்டு. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது. அந்த வெட்டு அவளுக்கு நன்றாகத் தெரியும். ‘கத்தரிக்கோல் கழுத்துலதானே தொங்குது, நூலைப் பல்லால கடிக்காதீங்க’ என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! வருஷக்கணக்காக நூலைக் கடித்துக் கடித்து அதே இடத்தில் பல் தேய்ந்துபோன ஒரே ஆள் அந்த வீட்டில் யார்?

பெட்டியில் மூன்றாவதாக இருந்த அச்சை எடுத்து, சிலிக்கானோடு சேர்த்துவைத்தாள். கதவும் நிலையும் மாதிரிப் பொருந்தியது.

மாமியார்!

நம்ப முடியாமல் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். அதே மாமியார்தான். சந்தேகத்துக்குப் பைப்பின் தலைக் கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த கருகலைச் சுரண்டி ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டாள். அரைகுறையாக எரிந்த ஒரு துணுக்கு மெல்லச் சுருள் பிரிந்தது. தண்ணீர் செந்நிறமானது. மோந்து பார்த்தாள்.

தேயிலை.

வீட்டில் புகையிலை இல்லை. இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டதே அந்த அம்மாள். அதனால் சமையலறை டப்பாவில் இருந்து டீத்தூளை எடுத்துப் பைப்பில் அடைத்துப் பற்றவைத்திருக்கிறாள்!

ஆள் இல்லாத லேபில், நானூறு பிளாஸ்டர் வாய்களுக்கு நடுவே உட்கார்ந்து மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் மணியைப் பார்த்தாள். ஒன்றே முக்கால். ஐந்து மணிக்குக் கப்பல் டாக்டர் வந்துவிடுவார். சிரிப்பு நின்றுபோனது.

●

மாமியார் பின்னறையில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

“அத்தை, இருமல் எப்படி இருக்கு?”

“பரவாயில்லை. குளிர்காத்து ஒத்துக்கல.”

“டீத்தூள் ஒத்துக்கலைன்னு நினைச்சேன்.”

மெஷின் நின்றது. மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. நூலைக் கடிக்க வாயருகே கொண்டுபோன கை அப்படியே நின்றது.

“யாரு சொன்னா?”

“உங்க பல்லுதான் சொல்லிச்சு.”

மாமியார் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். பிறகு தலையில் லேசாக அடித்துக்கொண்டாள்.

“சிரிக்காதடி.”

“சிரிக்கல அத்தை.”

“சிரிக்கிற. உதடு துடிக்குது.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மனுஷன் அதைத் துடைக்கிறதைப் பார்த்திருக்கியா? பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி. அதுல என்னதாங்க இருக்குன்னு கேட்டேன். உனக்குப் புரியாதுன்னுட்டார். நாப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், எனக்குப் புரியாதாமே! அன்னிக்கே வைராக்கியம் வந்துடுச்சு.”

“அதுக்காகப் பத்தவச்சீங்களா?”

“முதல்ல சும்மா கையில பிடிச்சுப் பார்த்தேன். இன்னொரு நாள் உதட்டுல வச்சுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு. போன ஞாயிறு நீங்க மூணு பேரும் ஆளுக்கொரு பக்கம் வெளிய போனீங்க. சரி, பார்த்துடுவோம்னு டீத்தூளைப் போட்டுக் குச்சியைக் கிழிச்சு ஒரே இழுப்பு. தொண்டை வெந்துபோச்சு. இருமின இருமல்ல பல்லு ரெண்டும் அதுலயே இறங்கிடுச்சு. அந்த அலாரமாவது கத்தித் தொலைச்சிருந்தா அப்பவே மாட்டியிருப்பேன். அதுவும் கத்தல.”

மருமகள் அடக்கி அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. மாமியாருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமலோடு சேர்ந்து சிரித்தாள்.

“ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு” என்றாள் மாமியார், சிரிப்பு அடங்கியதும். “பத்தவைக்காம வெறுமனே அதை வாயில வச்சிருந்தப்ப, பேசவே தோணலடி. ஜன்னல் வழியா தெருவைப் பார்த்துக்கிட்டுப் பேசாம நின்னேன். எனக்கே அதிசயமா இருந்துச்சு. அவர் ஏன் அப்படி நிப்பாருன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் அத்தை சொல்லல? மாமா ஆறு நாளா ஒழுங்கா சாப்பிடல.”

மாமியார் முகம் சுருங்கியது.

“சட்டம் போட்டவளே நான். அவன் குச்சியைக் கையில வச்சுக்கிட்டுக் கத்தினப்பவே சொல்லியிருக்கணும். அந்த ஒரு நிமிஷம் வாய் வரல. அடுத்த நிமிஷம் சொன்னா, முன்னாடியே ஏன் சொல்லலைன்னு கேப்பான். ராத்திரி ஆச்சு, மறுநாள் ஆச்சு. இப்ப எப்படிடீ சொல்றது? நாப்பது வருஷமா அந்த மனுஷனை அதுக்காகத் திட்டியிருக்கேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கிறது? நீயும் சொல்லிடாத.”

“நான் சொல்ல மாட்டேன் அத்தை. அது நீங்க சொல்ல வேண்டியது. ஆனா மாமா என்னைக் கேட்டா, அது அவர் பல் இல்லைன்னு சொல்லுவேன். பொய் சொல்லச் சொல்லாதீங்க.”

மாமியார் மிதியை அழுத்தினாள். மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. தையல் கோணலாகப் போவது மருமகளுக்குத் தெரிந்தது.

நாலு மணிக்கு மாமனார் கேட்டார். அவள் சொன்னாள். “உங்க பல் இல்ல மாமா. எங்க வேணும்னாலும் சொல்லுவேன்.”

யாருடையது என்று அவர் கேட்கவில்லை. “போதும்மா” என்றார். “உனக்குத் தெரிஞ்சா போதும்.”

கேட்டுத் தொலைத்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

●

கப்பல் டாக்டர் ஐந்து மணி அடிக்கும்போது மணியடித்தார். டயம்டேபிளின் சிநேகிதர் வேறு எப்படி இருப்பார்? கையில் பெரிய மரப்பெட்டி. உள்ளே பஞ்சு வைத்துத் தனித்தனி அறைகள். வந்தவர் முகத்தில் ஆசையும் சங்கடமும் மாறி மாறி வந்தன.

“யோவ் டயம்டேபிள், நிஜமாத்தான் குடுக்கிறியா? நாளைக்குத் திருப்பிக் கேட்டா நான் கப்பல் ஏறிடுவேன்.”

“எடுத்துக்கோய்யா” என்றார் மாமனார்.

மகன் அலமாரிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றான். மாமனார் ஒன்றாம் நம்பரில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். துணியால் ஒரு துடை, அட்டையை ஒரு தடவை வாசிப்பு, பெட்டிக்குள் வைப்பு. “மூணாம் நம்பர். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வச்சிருந்தது. கோடு எல்லாம் நேர்க்கோடு.” “பதினொண்ணு. பழைய பேப்பர் கடையில சாக்குக்கு அடியில கிடந்துச்சு.” குரலில் எந்த மாற்றமும் இல்லை. ரயில் அறிவிப்பு மாதிரி சொல்லிக்கொண்டே போனார். மருமகளுக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

இருபத்திரண்டு முடிந்தது. அடுத்த இடம் காலி.

“இருபத்துமூணு எங்க?” என்றான் மகன். முதல் தடவையாக நேரே அப்பாவிடம் பேசினான்.

“என்கிட்ட இருக்கு” என்று மருமகள் பொட்டலத்தைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். “லேபுல பார்த்தேன். இதுல பல் பதிஞ்சிருக்கு. அது மாமா பல் இல்லைங்க.”

“அப்ப யாரு பல்லாம்? பேயோட பல்லா?”

“அதை நான் சொல்ல முடியாது.”

“பார்த்தியா!” மகன் குரல் உயர்ந்தது. “நீயும் அவரைக் காப்பாத்தப் பார்க்கிற. வீட்டுல நாலே பேரு. நான் இல்ல. நீ இல்ல. வேற யாரு, அம்மாவா?”

தன் வாயால் சொன்னதைக் கேட்டு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, பாவம்.

அந்த நேரம் பின்னறைக் கதவு திறந்தது. கழுத்தில் கத்தரிக்கோல் தொங்க மாமியார் வந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே மேஜைக்கு வந்து, இருபத்துமூன்றாம் நம்பரை எடுத்து, வாயில் வைத்தாள். கொஞ்சம் திருப்பினாள். முன்பற்கள் அந்தப் பள்ளங்களில் போய் உட்கார்ந்தன.

பைப்பைப் பல்லில் கவ்விக்கொண்டே மகன் பக்கம் திரும்பினாள்.

“ஹலோ, நம்பர் இருபத்துமூணு. லைன்ல இருக்கேன். பேசு.”

கப்பல் டாக்டர் பெட்டியின் மூடியைப் பிடித்தபடி சிலையாக நின்றார்.

“அம்மா... நீயா?”

மாமியார் பைப்பை எடுத்தாள். “நான்தான். குச்சி என்னுது, வாடை என்னுது, பல்லு என்னுது. உங்கப்பா தொடல. அவர் சொன்ன வார்த்தை சொன்னதுதான். நான்தான் ஆறு நாளா வாயை மூடிக்கிட்டு அவரைத் திட்டு வாங்கவிட்டேன்.” அப்புறம் கணவர் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. “தப்புத்தாங்க. என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க.”

மாமனார் மனைவியைப் பார்த்தார். பைப்பைப் பார்த்தார். மறுபடியும் மனைவியைப் பார்த்தார்.

“வீட்டுலதான் புகையிலை இல்லையே. எதைப் போட்ட?”

“டீத்தூள்.”

“டீத்தூளா!” மாமனார் நெஞ்சில் கைவைத்தார். எல்லாரும் பதறிப்போனார்கள். “இருபத்துமூணுலயா! அது எழுபது வருஷத்துப் பைப்டி! அதுக்குள்ள போய் டீத்தூளைப் போட்டுக் கொளுத்தியிருக்கியே! ஏன், அதுக்கப்புறம் பாலும் சக்கரையும் ஊத்தலியா?”

கப்பல் டாக்டர்தான் முதலில் வெடித்தார். அப்புறம் மருமகள். அப்புறம் மாமனாரே. கையில் இருந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, ஆறு நாள் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார். “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

“நாசமா இருந்துச்சு. ஆனா பத்தவைக்காம வச்சிருந்தப்ப நல்லா இருந்துச்சு. எனக்குப் புரியாதுன்னு சொன்னீங்கல்ல? புரிஞ்சுடுச்சு.”

மாமனார் சிரிப்பை நிறுத்தி அவளை உற்றுப் பார்த்தார். பக்கத்து நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார்.

மகன் மட்டும் சிரிக்கவில்லை. அலமாரி ஓரத்தில் தலைகுனிந்து நின்றான்.

“அப்பா, மன்னிச்சிடுங்க.”

“ஒரு வார்த்தை நம்பியிருக்கலாம்டா” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவனுக்கு இன்னும் வலித்தது.

“அந்தக் குச்சியைப் பார்த்ததும் எனக்கு ஒண்ணும் ஓடல. ஆஸ்பத்திரி வராந்தாதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. பதினோரு நாள் அங்க உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை என்னால முடியாதுப்பா.” சொல்லும்போதே குரல் உடைந்தது.

மாமனார் எழுந்து போய் அவன் தோளைப் பிடித்தார். “எனக்கும் அங்க படுக்க ஆசையா என்ன? கையைக் குடு.” அவன் கையில் பட்டென்று ஓர் அடி அடித்தார். “பழைய சத்தியம்தான். இன்னும் செல்லும்.”

கப்பல் டாக்டர் பெரிய பெருமூச்சு ஒன்றை விட்டார். “அப்ப என் பெட்டி காலியாத்தான் போகணும். சரி, நல்லா இருங்க.”

“டீ குடிச்சிட்டுப் போய்யா.”

“வேணாம்ப்பா. இந்த வீட்டு டீயை எதுல போடுவீங்களோ!”

●

விருந்தாளி போன பிறகு முன்னறையில் திரும்பவும் கலகலப்பு. மாமனாரும் மாமியாரும் தரையில் உட்கார்ந்து, அவர் நம்பரைச் சொல்ல, அவள் பைப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இருபத்துமூன்றாம் நம்பர் அட்டையில் அவர் புதிதாக ஒரு வரி எழுதினார்: ‘பல் பதிவு உண்டு. அழிக்கக் கூடாது.’

மகன் ஸ்டூலைப் போட்டு ஏறி, அலாரத்துக்குப் புதுப் பாட்டரி போட்டுக்கொண்டிருந்தான். மனசு லேசாகிவிட்டதால் விசில் வேறு.

“ஏம்மா, குச்சியைக் கிழிச்சதுதான் கிழிச்ச, பாட்டரியை எங்க போட்ட?” என்று கேட்டான். கேட்டவன் ஏனோ உடனே, “சரி விடு, வேற போட்டுட்டேன்” என்றும் சொன்னான்.

“எந்தப் பாட்டரிடா?” என்றாள் மாமியார். “அதை எப்படித் திறக்கணும்னே எனக்குத் தெரியாது. ஏன் கத்தலைன்னு நானே யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.”

“சரிம்மா, விடு விடு.”

மாமனார் காதில் அது விழவில்லை. பதினேழாம் நம்பரின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் காதில் நன்றாகவே விழுந்தது.

மாமா பாட்டரியைத் தொடவில்லை என்றார். அத்தைக்குத் திறக்கவே தெரியாது. தனக்கும் தெரியாது. அந்த வீட்டில் அலாரத்தின் மூடியை ஒரே திருகில் கழற்றத் தெரிந்தவர் எத்தனை பேர்?

மருமகள் மெதுவாக எழுந்து அலமாரியின் அடித்தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். மாமா துடைக்கும் முறையில் அடுத்த சனிக்கிழமைக்கு உரிய தட்டு அது. ஒரு மாசமாக அவர் கை படவில்லை. முப்பத்துநாலு, முப்பத்தைந்து. வாய்க்குழல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முப்பத்தாறில் கை நின்றது.

பளபளவென்ற ரப்பரில் அகலமாக, தட்டையாக, அரம் போட்டு ராவியது போன்ற பல் தடம். இதற்குச் சிலிக்கானும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். தூக்கத்தில் நறநறவென்று கடித்துத் தேய்ந்துபோன இந்தப் பற்களுக்குத்தான் அவள் இதுவரை மூன்று தடவை கவசம் செய்து கொடுத்திருக்கிறாள். கல்யாணமான நாளில் இருந்து அவள் பக்கத்துத் தலையணையில் தூங்கும் பற்கள்.

கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனாள். இது டீத்தூள் வாடை இல்லை.

ஸ்டூல் மேல் இருந்தவன் பொத்தானை அமுக்கினான். அலாரம் காதைப் பிளந்தது. மாமியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அந்த இரைச்சலில் மருமகள் முப்பத்தாறாம் நம்பரைத் தன் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

“அம்மாடி, அடித்தட்டுல ஒண்ணு குறையுதே?” என்றார் மாமனார், சத்தம் நின்றதும்.

“முப்பத்தாறு மாமா. லேபுக்கு எடுத்துட்டுப் போறேன். வாய்க்குழல்ல சின்ன வேலை இருக்கு.”

ஸ்டூல் மேல் விசில் நின்றது.